ஆயிரங்கண்ணனைக் காணவில்லை

அத்தியாயம் 3

இருபதாயிரம் அடி உயரத்திலிருந்து ஆட்டின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணியைப் படம் பிடிக்கக்கூடிய விமானம் அது. அதைத்தான் காணவில்லை.

"அதுக்கு எத்தனை கண்ணுன்னு சொன்னீங்க சார்?" என்று கேட்டாள் ஷாஹின் பானு.

"ஆயிரம்," என்றார் கர்னல் பரசுராமன். "அதாவது, ஆயிரம் கண்ணுக்குச் சமம். அதனாலதான் சகஸ்ராட்சன்னு பேரு வெச்சோம். உள்ளே பைலட் கிடையாதும்மா. ஏசி ரூம்ல உட்கார்ந்தே ஓட்டலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் எதிரி குடிக்கிறது டீயா காபியான்னு இங்கேருந்தே சொல்லிடலாம்."

"அவ்வளவு பாக்குமா! இப்போ அது எங்கன இருக்கு சார்?"

"அதுதான் தெரியலை."

பானு தலையைத் தூக்கி ஏணியின் உச்சியைப் பார்த்தாள். ஆலடிப்பொத்தை காவல் நிலையத்தின் கண்காணிப்புக் கேமராவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார் இசக்கித்துரை. ராணுவத்தின் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கரன்கோவிலில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் 'துரை துப்பறியும் நிலையம்' நடத்துகிறார். மாப்பிள்ளை விசாரணை, காணாமல் போன மாடு, சி.சி.டி.வி. பழுது, எல்லாவற்றுக்கும் ஒரே போர்டு. கடைசியாகச் சொன்னதுதான் சோறு போடுகிறது. சட்டைப் பையில் எப்போதும் காராச்சேவுப் பொட்டலம் ஒன்று இருக்கும். யோசனை ஓட ஓடப் பொட்டலம் மெலியும்.

பானு அவருடைய உதவியாளர். பி.காம். படித்தவள். வாய்க்கு மட்டும் தனியாக ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கலாம் என்று இசக்கித்துரை சொல்வார். அன்றைக்கு அந்த வாய் வழக்கத்தைவிட அதிகமாக ஓடியது. அழுகை வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி ஓடியது என்று அவருக்கு மட்டும் தெரியும். உள்ளே லாக்கப்பில் கிடந்தவன் அவளுடைய தம்பி. அது நிலையத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஸ்குரூ டிரைவர் பிடிக்க அவளை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

தம்பி பெயர் முகம்மது இர்ஷாத். வயல்களுக்கு டிரோன் வைத்து மருந்து தெளிப்பவன். கரிவலம்வந்தநல்லூரில் இருந்து திருவேங்கடம் வரைக்கும் மக்காச்சோளத்தில் புழு விழுந்தால் அவனுக்குத்தான் போன் வரும். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டின் மேலேதான் கர்னல் ஆலோசகராக இருக்கும் தனியார் கம்பெனி, ராணுவத்துக்கு விற்பதற்காகச் செய்த தன் வேவு விமானத்தைச் சோதனைக்குப் பறக்கவிட்டிருந்தது. பல வாரமாக வட்டமடித்த விமானம் போன வாரம் ஒரு மத்தியானம் திரையிலிருந்து மறைந்துபோனது.

தானாக விழுந்தது என்றால் ராணுவம் வாங்காது. யாரோ சதி செய்து இறக்கினார்கள் என்றால் கம்பெனிக்கு அவமானம் இல்லை. எதிரியே ஆசைப்படும் சரக்கு என்று கூடுதலாகப் பேர்கூடக் கிடைக்கும். ஆகவே ஓர் எதிரி தேவைப்பட்டான். கையில் ரிமோட்டும், பையில் ஆன்டெனாவும், ரியாத்தில் ஒரு மச்சானும் உள்ள இர்ஷாத் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தான். பிடித்துவிட்டார்கள்.

அவன் மச்சானுக்கு அனுப்பிய குரல் செய்தி ஒன்றும் சிக்கியது. 'படைப்புழு உள்ள இறங்கிட்டு மச்சான், விடிய அடிச்சாத்தான் அடங்கும்.' கர்னல் அதை ஆங்கிலத்தில் எழுதி மேலே அனுப்பியபோது புழு வழியிலேயே செத்துப்போய் படை மட்டும் டெல்லி போய்ச் சேர்ந்தது.

"பொழுது அடையதுக்குள்ள சென்னை டீம் வந்துரும்," என்றார் இன்ஸ்பெக்டர் சண்முகையா, நாற்காலியில் சாய்ந்து மீசையை முறுக்கியபடி. "பெரிய சட்டத்துல கேஸ். அவங்க வண்டியில ஏத்திட்டாங்கன்னா பய வருசக் கணக்குல ஜாமீன்னு வாயத் தெறக்க முடியாது. நம்ம தலைவலியும் தீந்துது."

அப்போது இர்ஷாத்தைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனார்கள். வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. அவன் பானுவைப் பார்த்தான். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது.

"கைக்கு என்ன சார்?" என்று ஏணியிலிருந்து கேட்டார் இசக்கித்துரை.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்."

"பாத்ரூம்ல தண்ணியே வரலைன்னு வெளியில ஏட்டையா சொல்லுதாரே சார்," என்றாள் பானு. "வறண்ட தரையிலயே இப்படி வழுக்குதுன்னா தரை ரொம்ப நல்ல தரைதான்."

சண்முகையா முறைத்தார். இசக்கித்துரை பேச்சை மாற்றினார். "இந்தக் கேமரா என்னைக்கு சார் அவுட்டாச்சு?"

"அந்தப் பய வந்த அன்னைக்குத்தான். இடி விழுந்திருக்கும்."

"மழையே இல்லையே சார்."

"வெயில்ல விழுந்திருக்கும். மெதுவாச் செய்யும்வே, அவசரம் ஒண்ணும் இல்ல."

கர்னலுக்குப் பழைய ராணுவத்துக்காரர் ஒருவர் கிடைத்ததில் மகிழ்ச்சி. போனை எடுத்துத் தன் விமானத்தின் படத்தைக் காட்டினார். ஜன்னல் கிடையாது. காற்றாடி மூக்கில் இல்லை, பின்பக்கம் இருந்தது. வால் கூரை முகடு மாதிரி இரண்டு பக்கமும் கீழே சரிந்திருந்தது. வயிற்றுக்கு அடியில் உருண்டையாக ஒரு கண்ணாடிக் கண்.

"இறக்கை முழுக்க சோலார் தோல். துளி வெயில் பட்டாப் போதும், கேமரா முழிச்சுக்கும். எதிரே என்ன அசைஞ்சாலும் தானா ரெக்கார்டு பண்ணும். சாகாவரம் வாங்கினது, துரை!"

"சிக்னல்?"

"அது மட்டும் செத்துடுச்சு."

"தேடுத போலீஸ்காரங்களுக்கு இந்தப் படத்தைக் காட்டினீங்களா சார்?"

"எப்படிக் காட்டுறது? ராணுவ ரகசியம். 'முக்கியமான ஒரு பொருள்'னு மட்டும் சொல்லித் தேடச் சொல்லியிருக்கேன். பார்த்தா அவங்களுக்கே தெரிஞ்சிடும்."

போன் அடித்தது. கர்னல் பேசிக்கொண்டே கொல்லைப்புறம் போனார். நிலையத்தில் அங்கே மட்டும்தான் டவர் கிடைக்கும். பிடிபட்ட மணல் வண்டி, சக்கரம் இல்லாத பைக், நசுங்கிய ஆட்டோ எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக நீலத் தார்ப்பாயின் கீழ் கிடந்தன. குவியலிலிருந்து வெள்ளையாக நீளமாக ஏதோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இன்ஸ்பெக்டரின் காக்கிப் பேண்ட் காய்ந்தது. பேண்ட்டுக்கு இந்தப் பக்கமாக அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கர்னல் தேசப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்.

* * *

வெளியே வந்ததும் பானு ஸ்கூட்டியைக் கிளப்பவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றாள்.

"அண்ணாச்சி, அவன் எந்தக் கையால சாப்பிடுதான்? உம்மா மூணு வேளையும் ஸ்டேசன் வாசல்ல வந்து நின்னுட்டுப் போறாவ. நான் அவகூட நிக்கக்கூட முடியல. எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. சென்னைக்குக் கொண்டு போயிட்டா என் தம்பிய நான் எங்கன போய்த் தேடுவேன்?"

இசக்கித்துரைக்கு ஆறுதல் சொல்ல வராது. காராச்சேவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவரே தின்றார்.

"பானும்மா, அந்த விமானத்தை இறக்கத் தெரிஞ்சவன் யாருன்னுதான் எல்லாரும் தேடுதாவ. அது இறங்கித் தொலையணும்னு ஆசைப்பட்டது யாருன்னு ஒருத்தரும் கேக்கல."

"ஆசைப்பட்டா விமானம் விழுந்துருமா?"

"விழாது. ஆனா விழுந்துட்டுதுன்னா, ஆசைப்பட்டவங்க நம்மளாலதான்னு நினைப்பாங்கல்ல? ராத்திரி பகலா தலைக்கு மேல ஒரு சனியன் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கிட்டே கெடந்தா, இந்தப் பக்கத்து ஆளு யார்ட்டப் போய்ச் சொல்லுவான்?"

"கலெக்டர்ட்ட."

"அப்புறம்?"

பானு யோசித்தாள். முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்தது. "வீட்டுல தேளு, பூரான் வந்தாக்கூட நீங்கள்லாம் கோமதி அம்மன்ட்டத்தான ஓடுவீங்க!"

"எடு வண்டிய."

* * *

சங்கரன்கோவிலில் கோயில் வாசல் கடைகளில் பாம்பு விற்கும். தேளும் பூரானும் பல்லியும் விற்கும். எல்லாம் மெல்லிய வெள்ளைத் தகட்டில் வெட்டிய உருவங்கள். வீட்டில் எது தொந்தரவு செய்கிறதோ அது ஒழியட்டும் என்று நேர்ந்துகொண்டு, ஒழிந்ததும் அதன் உருவத்தை வாங்கி உப்பும் மிளகும் சேர்த்துக் கோயிலில் போடுவார்கள். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் கிடையாது.

வேல்ராஜ் கடையில் வரிசையாகத் தொங்கிய பாம்புகளுக்கு நடுவில் ஒரு விமானம் தொங்கியது.

"கோட்டையப் பிடிச்சுட்டீங்க அண்ணாச்சி," என்று பானு கையைத் தட்டினாள். பிறகு அவளே சந்தேகப்பட்டாள். "இல்ல, துபாய் விசாவுக்கு நேர்ந்ததா இருக்குமோ? எங்க தெருவுல பாதிப் பேரு பிளைட்டுல போறதுக்குத்தான் துஆ கேக்காங்க."

"துபாய்க்குப் போற விமானத்துல ஜன்னல் இருக்காதா?" என்றார் இசக்கித்துரை.

பானு உற்றுப் பார்த்தாள். தகட்டில் ஜன்னல் இல்லை. காற்றாடி பின்னால் இருந்தது. வயிற்றில் உருண்டையாக ஒரு கண்.

"வேல்ராஜு, இது யாருக்கு வே அடிச்சது?"

"அதையேன் கேக்கீங்க!" வேல்ராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "கரிசக்காட்டுப் பக்கத்து அம்மா ஒண்ணு. பாம்பு வேணுமா, தேளு வேணுமான்னு கேட்டா ரெண்டும் வேண்டாம், ஏரோப்ளேன் வேணும்னு நிக்கி. நானும் காலண்டர்ல பாத்து ஜன்னலு, கதவு எல்லாம் வச்சு அழகா வெட்டினேன். 'இது ஆளு போற பிளேன்லா, இது எங்கள என்ன செஞ்சுது?'ன்னு தூக்கி எறிஞ்சுட்டு. அப்புறம் அது சொன்னபடி ஜன்னல எடுத்து, காத்தாடியப் பின்னால வச்சு, கண்ணு வச்சு இதை வெட்டினா, வாலு மேல நிக்கி, கீழ சரியணும்னு மறுபடியும் திருப்பிட்டு. மூணாவதாத்தான் வாங்கிட்டுப் போச்சு. வேண்டாம்னு போட்ட இதைத்தான் தொங்கவிட்டிருக்கேன். விசாவுக்கு யாராவது வாங்குவாங்கள்ல?"

இசக்கித்துரை பொட்டலத்தைக் காலி செய்தார்.

"பானும்மா, இருபதாயிரம் அடியில பறந்தது நம்ம கண்ணுக்கு எப்படித் தெரியும்?"

"கொசு மாதிரி. சத்தம் மட்டும் கேக்கும்."

"கொசுவுக்கு வாலு எந்தப் பக்கம் சரியுதுன்னு அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பக்கத்துல வச்சுப் பாத்திருக்காவ!" பானு தகட்டு விமானத்தைத் தொட்டுக் காட்டினாள். "தரையில வச்சு!"

"நேர்ச்சை வேற செலுத்தியாச்சு. வேண்டினது நடந்தாத்தான செலுத்துவாங்க? வே வேல்ராஜு, அது எந்த ஊரு?"

"ஊரு கேக்கலையே. ஆனா உப்பு, மிளகு கொண்டாந்த பைய இங்கன மறந்துட்டுப் போயிட்டு." கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தார். ஏதோ ஒரு காதணி விழாவில் தேங்காய் பழம் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பை. காது குத்திய குழந்தையின் பெயரும், தாய்மாமன் பெயரும், கொட்டை எழுத்தில் உப்போடைப்பட்டி என்று ஊரும் அச்சடித்திருந்தது.

"விருந்துக்குப் போன வீட்டுப் பையால்ல இருக்கு," என்றாள் பானு. "அந்த அம்மா வேற ஊரா இருந்தா?"

"கல்யாணத்துக்குத்தான் பஸ் ஏறிப் போவாங்க. காது குத்துக்குப் பக்கத்து வீடுதான் போகும். வா."

* * *

உப்போடைப்பட்டியில் விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஏரோப்ளேன் நேர்ச்சை போட்ட அம்மா என்று கேட்டதும் ஊரே கையை நீட்டிக் காட்டியது. பேச்சித்தாய்க்கு நாற்பது வயது இருக்கும். பம்ப்செட் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்ததும் வாங்கி உதறி இடுப்பில் செருகினாள்.

"எடுத்தது நீங்கதானா அக்கா?" என்று பானு நேராகக் கேட்டாள்.

"எதை?"

"விமானத்தை."

"எடுக்கலை. விழுந்துது. எங்க சோளத்துக்குள்ள விழுந்துது. அரைக் குறுக்கம் பயிரு சாஞ்சு போச்சு, அதை யாருட்டச் சொல்ல?" பேச்சித்தாய் துணியை ஓங்கிக் கல்லில் அடித்தாள். "ஏட்டி, நீயும் பொம்பளப்பிள்ளதான, சொல்லு. நாங்க இந்தத் தொட்டியிலதான் குளிக்கணும். அந்த உடைமரத்து மறைவுலதான் ஒதுங்கணும். பொழுதன்னைக்கும் மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா? அந்தக் கம்பெனிக்காரனுக ஜீப்புல வந்தப்போ கேட்டோம். 'அது எதிரிய மட்டுந்தாம்மா பாக்கும்'னான். சரின்னு திரும்பினா, பின்னாலயே ஒருத்தன், 'உங்க செவலை ஆடு ஒரு கால நொண்டுது போல'ங்கான். ஆடு நொண்டுதது உனக்கு எப்படில தெரியும்? என் ஆடு எந்த நாட்டுக்கு எதிரி?"

பானு சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக உண்மையாகவே சிரித்தாள்.

"அன்னைக்குத்தான் நேந்துக்கிட்டேன். பூரானு ஒழியட்டும்னு நேந்துக்கிடுதோம், இதுவும் அதான. தாயி கேட்டுட்டா. மறு வாரமே விழுந்துது."

"சரி, விழுந்ததை என்ன செஞ்சீங்க?" என்றார் இசக்கித்துரை. "இங்கன எங்க வச்சிருக்கீங்க?"

"நாங்க எதுக்கு வச்சுக்கிடணும்? ஆட்டுக்குத் தீவனமாவா போட முடியும்? கழட்டி வித்தாத் திருட்டுன்னு பிடிப்பான். பொம்பளையா நாலு பேரு சேந்து தூக்கி, லோடு ஆட்டோவுல ஏத்தி, அன்னைக்குச் சாயங்காலமே கொண்டு போய்க் குடுத்துட்டோம்."

"யார்ட்ட?"

"ஸ்டேசன்லதான்."

"எந்த ஸ்டேசன்?"

"ஆலடிப்பொத்தை."

பானு வாயைத் திறந்தாள், மூடினாள். அவளுக்குப் பேச்சு வராமல் போனதை இசக்கித்துரை அன்றுதான் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர் இல்ல," என்று தொடர்ந்தாள் பேச்சித்தாய். "யாரோ மந்திரி வாராருன்னு பந்தோபஸ்துக்குப் போயிட்டாராம். ரைட்டர்தான் இருந்தாரு. 'நம்பர் பிளேட்டு இல்லாத வண்டிய எப்படி எழுத? ஆர்.சி. புக்கு கொண்டா'ன்னாரு. ஏரோப்ளேனுக்கு நான் எங்க போய் ஆர்.சி. புக்கு வாங்க? அப்புறம் அவரே, 'பின்னால ஓரமாப் போட்டுட்டுப் போங்க'ன்னாரு. நாங்கதான் தார்ப்பாயும் மூடினோம். ஒரு இறக்கை மட்டும் உள்ள அடங்கலை."

இசக்கித்துரைக்குக் காக்கிப் பேண்ட் ஞாபகம் வந்தது.

"அக்கா," என்றார், "கொஞ்சம் எங்ககூட வரணும். துணிய அப்புறம் அலசிக்கிடலாம். ஒரு பையனோட உசுரு இதுல இருக்கு."

பேச்சித்தாய் பானுவின் முகத்தைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்காமல் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

* * *

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சென்னை வண்டி வந்து நின்றிருந்தது. டி.எஸ்.பி. முத்துமாரி என்ற பெண் அதிகாரி தலைமையில் வந்திருந்தார்கள். இர்ஷாத்தை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

"மேடம், ஏத்துததுக்கு முன்னால ஒரு நிமிசம்," என்றார் இசக்கித்துரை. "அந்த முக்கியமான பொருள் கிடைச்சுட்டுது."

"எங்கே?" என்று கர்னல் துள்ளி எழுந்தார். "எல்லை தாண்டிப் போயிடுச்சா?"

"கொல்லையைக்கூடத் தாண்டல சார். வாங்க."

கொல்லைப்புறத்தில் அவர் முதலில் பேண்ட்டை எடுத்து மடித்து மரியாதையாக இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். பிறகு தார்ப்பாயை இழுத்தார். மணல் வண்டிக்கும் நசுங்கிய ஆட்டோவுக்கும் நடுவில், வாலைச் சரித்துக்கொண்டு, வயிற்றுக் கண்ணைச் சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொண்டு கிடந்தது சகஸ்ராட்சன். இறக்கையின் மேல் கோழி எச்சம் இருந்தது.

"காலையில போன்ல பேசும்போது நீங்க சாஞ்சு நின்னது இது மேலதான் சார்," என்றாள் பானு.

"நான்... நான் இதைப் பிரசன்டேஷன்லதாம்மா பார்த்திருக்கேன்," என்றார் கர்னல்.

பேச்சித்தாய் நடந்ததைச் சொன்னாள். ரைட்டரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு வேர்த்து ஊற்றியது. "முக்கியமான பொருள்னுதான் சொன்னாவ மேடம். விமானம்னு ஒரு வார்த்தை சொல்லலியே. நாலு நாள் கழிச்சு எனக்கே சந்தேகம் வந்துது. அதுக்குள்ள பையனப் பிடிச்சுட்டாவ. அப்புறம் எப்படிச் சொல்ல?"

முத்துமாரி கையிலிருந்த வழக்குக் கட்டை மூடினார். "பொருள் போலீஸ் கையிலேயே இருந்திருக்கு. நாங்க கூட்டிட்டுப் போறதுக்கு எதுவுமில்ல. பையனை விடுங்க," என்றார்.

கர்னல் அதற்குள் தேறிவிட்டார். மீட்பு நடவடிக்கை வெற்றி என்று போனில் யாருக்கோ சொல்லத் தொடங்கியிருந்தார். சண்முகையாவும் தேறிவிட்டார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து இர்ஷாத்தின் முன்னால் நீட்டினார்.

"தம்பி, போகும்போது இதுல ஒரு கையெழுத்து. விசாரணையில யாரும் தொடலை, பாத்ரூம்ல நீயா விழுந்துதான் கை ஒடிஞ்சுதுன்னு. வழக்கமா வாங்குததுதான். வலது கை முடியலைன்னா இடது கைப் பெருவிரல் போதும்."

இர்ஷாத் தாளைப் பார்த்தான். வெளியே போனால் போதும் என்ற நிலையில் இருந்தான். இடது கையை நீட்டினான். பானு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் கைநாட்டு வைத்துவிட்டால் அந்தக் கை ஒடிந்த கதை அத்தோடு முடிந்தது. அது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"கர்னல் சார்," என்றார் இசக்கித்துரை மெதுவாக, "உங்க விமானம் தானா விழலைன்னு ராணுவத்துக்கு நிரூபிக்க வேண்டாமா? வெயில் பட்டா முழிச்சுக்கும், அசைஞ்சா பதிவு பண்ணும்னு சொன்னீங்களே. ஒரு இறக்கை இத்தனை நாளும் வெயில்லதான் கெடந்திருக்கு. மெமரி கார்டை இங்கனயே போட்டுப் பாத்துருவோமே. மேடமும் இருக்காவ."

கர்னலுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. தாமே கார்டை உருவி, தம்முடைய லேப்டாப்பில் போட்டு, மேஜைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார்.

படத்தில் சத்தம் இல்லை. முதலில் வானம் சுழன்றது. சோளத் தட்டைகள் பாய்ந்து வந்தன. பிறகு தலைகீழாகச் சில பெண்கள். பேச்சித்தாயின் மூக்கு திரையை நிறைத்தது. "ஆத்தி, நானா இது," என்றாள் அவள். லோடு ஆட்டோ குலுங்கியது. நிலையத்தின் போர்டு வந்தது. ரைட்டர் ஓரமாகப் போடச் சொல்லிக் கையை ஆட்டினார். தார்ப்பாய் இறங்கி இருட்டியது. இருட்டில் ஒரு கிழிசல் மட்டும் வெளிச்சமாக இருந்தது.

"பாருங்க, கிழிசல் வழியாக்கூட எவ்வளவு துல்லியம்!" என்றார் கர்னல்.

கிழிசலுக்கு நேர் எதிரே சுவர் இருந்தது. சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் இன்ஸ்பெக்டரின் பின்னறை. மறுநாள் வெயில் ஏறியதும் கேமரா விழித்துக்கொண்டிருக்கிறது. தரையில் இர்ஷாத் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் அவனுடைய வலது கையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லத்தி ஒன்று மேலே போய் இறங்கியது. மறுபடி மேலே போனது. லத்தியைப் பிடித்தவர் வேர்வையைத் துடைக்க ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"மீசை முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா..." என்று தொடங்கிய கர்னல் அதோடு நிறுத்திக்கொண்டார்.

நீட்டிய இடது கையை இர்ஷாத் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். சண்முகையாவின் கையில் தாள் அப்படியே இருந்தது.

"அந்தப் பையனுக்குக் கை எப்படி ஒடிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார் முத்துமாரி.

"பாத்ரூம்ல..." என்று வாய் வழக்கத்தில் வந்துவிட்டது சண்முகையாவுக்கு.

ஷாஹின் பானு முன்னால் வந்தாள். கண்ணில் நீர் நின்றது. அதைத் துடைக்கவில்லை.

"நான் இர்ஷாத்தோட அக்கா மேடம்," என்றாள். பிறகு ஆயிரங்கண்ணன் பிடித்த படத்தின் மேல் விரலை வைத்து, இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்டாள்:

"இதுல பாத்ரூம் எங்கன சார் இருக்கு?"